மூன்று மணி நேரத்துக்குப் பணம் கட்டியும் அபராதமா?

கேட்கப்பட்ட கேள்வி இது. நிறுத்துமிட இயந்திரத்தில் மூன்று மணி நேரத்துக்கான பணத்தைக் கட்டி, ரசீதும் வாங்கிக்கொண்டு ஒருவர் வேலையாகப் போயிருக்கிறார். இரண்டரை மணி நேரத்தில் திரும்பி வந்தால், காரின் முன்கண்ணாடியில் அபராதச் சீட்டு. ‘இங்கே அதிகபட்சம் இரண்டு மணி நேரம்தான் நிறுத்தலாம்’ என்கிறது சீட்டு. அந்த விதியைச் சொல்லும் பலகை, வெளியே போகும் வழியில் ஒரு மரக்கிளைக்குப் பின்னால் இருந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்திருக்கிறார். 14 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை போதும் என்று சீட்டில் எழுதியிருக்கிறது; ஐந்து நாள் போய்விட்டது. கட்டிவிடலாமா, எதிர்த்து எழுதலாமா, இந்த அபராதங்கள் அடிப்படையிலேயே நியாயமானவைதானா என்று கேட்கிறார்.

எதிர்த்து எழுதுங்கள். கையில் ரசீது இருக்கிறது, மறைந்திருந்த பலகை இருக்கிறது. இவ்வளவு வலுவான அடிப்படை எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

பல ஆண்டுகளாக இத்தகைய ஆட்சேபக் கடிதங்களைப் படித்தும், தெரிந்தவர்களுக்கு எழுதிக் கொடுத்தும் வருகிறேன். நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் தோற்றுப்போகிறவர்களைப் பார்க்கும்போதுதான் மனம் வலிக்கிறது. மூன்று பக்கத்துக்குக் கோபத்தைக் கொட்டியிருப்பார்கள். ரசீதை இணைக்க மறந்திருப்பார்கள். அல்லது, “எதற்கு வம்பு” என்று பாதித் தொகையைக் கட்டிவிட்டு வந்து புலம்புவார்கள். கட்டிய பிறகு பெரும்பாலான இடங்களில் கதவு மூடிவிடும். பணம் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

முதலில் நியாயம் பற்றிய கேள்வி. அதை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை, ஏனென்றால் எப்படி எதிர்ப்பது என்பதற்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் 1935 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் நடப்பட்டது. அதைக் கொண்டுவந்தவர் கார்ல் மகீ என்ற பத்திரிகை ஆசிரியர். கடைவீதியில் வேலை பார்ப்பவர்கள் காலையில் வண்டியை நிறுத்தினால் மாலையில்தான் எடுப்பார்கள். கடைக்கு வருகிறவர்களுக்கு இடமே கிடைக்காது. இதுதான் அன்றைய பிரச்சினை. மீட்டர் வந்த அடுத்த மாதமே முதல் வழக்கும் வந்துவிட்டது. மீட்டர் விதியை மீறியதாக முதன்முதலில் பிடிபட்டவர் ஒரு பாதிரியார். மீட்டரில் போடச் சில்லறை இல்லாமல், பக்கத்து மளிகைக் கடைக்கு மாற்றப் போயிருந்தேன் என்று அவர் சொன்னார், வழக்கு தள்ளுபடியானது. மீட்டரும் மேல்முறையீடும் ஏறக்குறைய ஒரே வயதுடையவை.

அந்தப் பழைய பிரச்சினை இன்றும் அப்படியே இருக்கிறது. சாலையோர இடம் எல்லோருக்கும் பொது. ஒருவர் அதை நாள் முழுக்கப் பிடித்து வைத்தால், அவருக்குப் பின்னால் வருகிறவர் இடம் தேடித் தெருத்தெருவாகச் சுற்ற வேண்டும். விதி தேவை, விதிக்குப் பின்னால் ஏதாவது ஒரு தண்டனையும் தேவை. தண்டனையே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் சாட்சி. அங்கே ஐக்கிய நாடுகள் சபைக்கான தூதர்களின் வண்டிகள்மீது 1997 நவம்பர் முதல் 2002 நவம்பர் வரை ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான அபராதச் சீட்டுகள் கட்டப்படாமலே கிடந்தன. தொகை 1.8 கோடி டாலருக்கு மேல். தூதர்களுக்குள்ள சட்டப் பாதுகாப்பால் யாரும் வசூலிக்க முடியவில்லை. 2002-இல், கட்டாதவர்களின் தூதரக எண் பலகையைப் பறிக்கத் தொடங்கியதும் மீறல்கள் சுமார் 98 விழுக்காடு குறைந்துவிட்டன. ஃபிஸ்மன், மிகேல் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

அதனால் அபராதமே அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கான இடத்திலோ, தீயணைப்பு வண்டி நுழையும் வழியிலோ, பாதசாரிகள் கடக்கும் கோடுகளின் மேலோ வண்டியை நிறுத்திவிட்டு, “இரண்டே நிமிடம்தான்” என்று சொல்பவர்களுக்கு நான் கடிதம் எழுதிக் கொடுப்பதில்லை. அந்த இரண்டு நிமிடத்தில் இன்னொருவர் சாலையின் நடுவே இறங்கி நடக்க வேண்டியிருந்திருக்கும். அவர்கள் கட்டத்தான் வேண்டும்.

ஆனால் ஓர் அபராதம் நியாயமானது என்று நான் ஏற்க வேண்டுமானால், வண்டியை நிறுத்துவதற்கு முன்பே அந்த விதி ஓட்டுநரின் கண்ணில் பட்டிருக்க வேண்டும். மற்ற கேள்விகளெல்லாம் அதற்குப் பிறகுதான். தெரிந்துகொள்ள வழியே இல்லாத விதியை ஒருவர்மீது சுமத்துவது, இருட்டில் குழி வெட்டிவிட்டு விழுந்தவரிடம் பணம் கேட்பதற்குச் சமம்.

பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2015 நவம்பரில் வழங்கிய ‘பார்க்கிங்ஐ எதிர் பீவிஸ்’ தீர்ப்பைப் பலரும் அரைகுறையாக மேற்கோள் காட்டுகிறார்கள். செம்ஸ்ஃபோர்டு நகரின் வணிக வளாகம் ஒன்றில் இரண்டு மணி நேரம் இலவசமாக நிறுத்தலாம். பீவிஸ் 56 நிமிடம் கூடுதலாக நிறுத்தினார். நிறுத்துமிடத்தை நடத்திய பார்க்கிங்ஐ நிறுவனம் 85 பவுண்டு கேட்டது. அவர் நிறுத்தியதால் நிறுவனத்துக்கு 85 பவுண்டு நட்டம் ஏற்பட்டதா? இல்லை. இருந்தும், ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் அந்தத் தொகை செல்லும் என்றார்கள். இடம் அடுத்தவருக்குக் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வதில் நிறுவனத்துக்கு நியாயமான அக்கறை இருக்கிறது. அதைக் காக்க இந்தத் தொகை மிகையானதல்ல என்பது அவர்கள் கருத்து. இத்தோடு நிறுத்திவிட்டு, “தனியார் அபராதமும் செல்லும்” என்று பலர் முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த வளாகத்தில் சுமார் 20 பலகைகள் இருந்தன; பெரிய எழுத்தில், பளிச்சென்று, தொகையையும் சொல்லி. அவை படிக்கும்படி இருந்தன என்பதை நீதிமன்றம் குறிப்பிட்டே முடிவுக்கு வந்தது. மரக்கிளைக்குப் பின்னால் ஒரே ஒரு பலகை இருந்திருந்தால் அந்த வழக்கின் அடித்தளமே ஆட்டம் கண்டிருக்கும்.

அடுத்தது, அபராதம் எதற்காக வசூலிக்கப்படுகிறது என்பது. நெரிசலைக் குறைப்பதற்கா, கஜானாவை நிரப்புவதற்கா? லண்டனின் பார்னெட் உள்ளாட்சி, குடியிருப்போரின் நிறுத்த அனுமதிக்கான கட்டணத்தைக் கூட்டி, அதில் வரும் உபரியை வேறு போக்குவரத்துச் செலவுகளுக்குத் திருப்பத் திட்டமிட்டது. அங்கே குடியிருந்த ஒருவர் வழக்குத் தொடுத்தார். நிறுத்தத்தை ஒழுங்குபடுத்தத் தந்த அதிகாரத்தை வருவாய் ஈட்டப் பயன்படுத்தக் கூடாது என்று 2013-இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கு அனுமதிக் கட்டணம் பற்றியதுதான், அபராதம் பற்றியதல்ல. ஆனாலும் அது தொட்ட கொள்கை இரண்டுக்கும் பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன். ஒரு நகரம் தன் வரவுசெலவுத் திட்டத்தை மக்கள் செய்யும் தவறுகளை நம்பிப் போடத் தொடங்கினால், பலகையைச் சுத்தமாக வைப்பதில் அதற்கு அக்கறை குறைந்துபோகும்.

தொகையைப் பொறுத்தவரை எனக்குத் தீராத மனக்குறை ஒன்று இருக்கிறது. வசதியானவருக்கு அந்த அபராதம் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. கூலிக்கு வண்டி ஓட்டுகிறவருக்கு அது ஒரு நாள் உழைப்பு. பின்லாந்தில் கடுமையான வேக மீறல்களுக்கு வருமானத்தைப் பொறுத்து அபராதம் கணக்கிடுகிறார்கள். நிறுத்த அபராதத்துக்கு இந்த முறை பெரும்பாலும் எங்குமே கிடையாது. அதைவிடக் கொடுமை தாமதக் கட்டணம். லாஸ் ஏஞ்சல்ஸில் 63 டாலர் அபராதத்தை உரிய நாளில் கட்டாவிட்டால், மேலும் 63 டாலர் சேர்ந்துவிடும் என்ற விதியை எதிர்த்து வழக்கு நடந்தது. 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முதல் 63 டாலரை மிகையல்ல என்றது. ஆனால் தாமதத்துக்காக அதே அளவு தொகையை எந்த அடிப்படையில் வைத்தார்கள் என்று ஆராயும்படி வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. நிறுத்தியதற்கான தண்டனையும், பணம் இல்லாததற்கான தண்டனையும் ஒரே எடையில் இருக்கலாமா? எனக்கு இது ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை.

‘14 நாளுக்குள் பாதி’ என்ற சலுகையும் அப்படித்தான். தவறு செய்தவருக்கு அது உண்மையிலேயே சலுகை. தவறு செய்யாதவருக்கோ, வாயை மூடிக்கொண்டு போவதற்கான விலை. ஆனால் பல நாடுகளில் இதற்கு ஒரு மாற்று உண்டு: சலுகைக் காலத்துக்குள் ஆட்சேபம் தெரிவித்து, அது நிராகரிக்கப்பட்டால், பாதித் தொகையைக் கட்ட மீண்டும் ஒரு வாய்ப்புத் தருவார்கள். உங்கள் சீட்டின் பின்பக்கத்தில் இது பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால், ஆட்சேபம் தெரிவிப்பதால் உங்களுக்கு இழப்பே இல்லை.

சீட்டைக் கையில் எடுத்ததும் முதலில் தேட வேண்டியது, அதைக் கொடுத்தது யார் என்பது. மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் வழி வேறு. காவல்துறை தந்த குற்றச்சாட்டாக இருக்கலாம். அப்போது கடைசியில் முடிவு சொல்வது நீதிமன்றம். இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வரும் சலான் இந்த வகை. அது ஒரு குற்றச்சாட்டுதான், தீர்ப்பல்ல. பிரிவு 200 சொல்லும்படி பணம் கட்டி விவகாரத்தை முடித்துக்கொள்வது ஒரு வழி, மறுத்து வாதிடுவது இன்னொரு வழி. இரண்டாவது வகையில் உள்ளாட்சி விதிக்கும் அபராதம் குற்றவியல் சட்டத்துக்கு வெளியே நிற்கும். இங்கிலாந்தில் இந்த முறைதான்: முதலில் உள்ளாட்சிக்கே எழுத வேண்டும், அவர்கள் மறுத்தால் தனித்து இயங்கும் தீர்ப்பாயத்துக்குக் கட்டணமின்றிப் போகலாம். மூன்றாவது வகை, தனியார் நிறுத்துமிடத்தை நடத்தும் நிறுவனம் அனுப்பும் சீட்டு. பார்ப்பதற்கு அரசுச் சீட்டைப் போலவே இருந்தாலும், அது ஒப்பந்தத்தை மீறியதற்காக அனுப்பப்படும் பணக் கோரிக்கை மட்டுமே.

பிறகு நான்கு விவரங்களைச் சரிபாருங்கள்: வண்டி எண், இடம், நாளும் நேரமும், மீறியதாகச் சொல்லப்படும் விதி. ஏதாவது தவறாக இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் தெருப்பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது என்பதற்காக எல்லாம் ரத்தாகிவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். யாரையும் குழப்பாத சிறு பிழையைத் தீர்ப்பாளர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வேறு வண்டியின் எண்ணோ, நீங்கள் நிறுத்தாத தெருவோ, தவறான விதியோ இருந்தால் அது வேறு விஷயம்.

இனி சாட்சியம். மேல்முறையீட்டின் உயிர் இதில்தான் இருக்கிறது, அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சீட்டைப் பார்த்ததும் வண்டியை எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். நிற்கும் நிலையிலேயே படம் எடுங்கள்: சக்கரம் கோட்டுக்கு உள்ளே இருக்கிறதா என்பது தெரியும்படி, வண்டி எண்ணும் சுற்றுப்புறமும் ஒரே படத்தில் வரும்படி. பிறகு, நுழைவாயிலுக்கு நடந்துபோய், அங்கிருந்து வண்டி நிற்கும் இடம்வரை இடைவிடாமல் வீடியோ எடுத்துக்கொண்டே வாருங்கள். ஓட்டுநரின் கண் உயரத்தில் கருவியைப் பிடியுங்கள். வழியில் எந்தப் பலகை தெரிகிறது, எது தெரியவில்லை என்பதை அந்த ஒரே வீடியோ சொல்லிவிடும். தனித்தனிப் படங்களை எடுத்தால், “நீங்கள் வேண்டுமென்றே பலகையை விட்டுவிட்டீர்கள்” என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும்; ஓடும் வீடியோவுக்கு அப்படிச் சொல்ல முடியாது. இரவில் நிறுத்தியிருந்தால் இரவில் எடுங்கள். விளக்கில்லாத பலகை பகலில் அழகாகத் தெரியும். அந்தப் படம் உங்களுக்கே எதிராகப் போய்விடும்.

இயந்திரத்தையும் விடாதீர்கள். அதன் திரை, மேலே ஒட்டியிருக்கும் கட்டண விவரம், எத்தனை மணி நேரம்வரை பணம் வாங்குகிறது என்பது எல்லாம் படத்தில் வர வேண்டும். இயந்திரம் பழுதாக இருந்தால் பழுதுச் செய்தியைப் படம் எடுங்கள். பக்கத்தில் வேறு இயந்திரம் இருந்ததா என்பதையும் பாருங்கள், ஏனென்றால் அதைக் கட்டாயம் கேட்பார்கள். செயலி வழியாகக் கட்டியிருந்தால் நேரம் தெரியும் திரைப்பதிவு வேண்டும். வண்டி எண்ணில் ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்துக்குப் பதில் பூஜ்ஜியத்தைத் தட்டியதால் வந்த அபராதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அந்தத் தொகை கட்டப்பட்டது என்று காட்டினால், பெரும்பாலும் ரத்து செய்துவிடுகிறார்கள்.

சீட்டு எழுதும் ஊழியர் அருகில் இருந்தால் அவரிடம் சண்டை வேண்டாம். எழுதிய சீட்டை ரத்து செய்யும் அதிகாரம் பெரும்பாலும் அவருக்கு இருக்காது. வெயிலிலும் மழையிலும் நின்று, நாள் முழுக்க ஏச்சு வாங்கும் வேலை அது. நீங்கள் பேசியதும் அவருடைய குறிப்பேட்டில் ஏறும். பிறகு தீர்ப்பாளர் அதைப் படிப்பார்.

எந்தக் காரணம் எடுபடும்? எனக்குத் தெரிந்தவரை, ஏற்கப்படும் காரணங்கள் இரண்டு வகை. ஒன்று, ‘மீறலே நடக்கவில்லை’ என்பது: அனுமதிச் சீட்டு இருந்தது, பணம் கட்டியாயிற்று, பலகை மறைந்திருந்தது, இரு பலகைகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன, வண்டியை அதற்கு முன்பே விற்றுவிட்டேன், வண்டி திருடுபோயிருந்தது, சலுகை நேரம் முடியவில்லை. சலுகை நேரம் என்பது கற்பனை அல்ல. இங்கிலாந்தில் 2015 முதல், உள்ளாட்சி நடத்தும் இடங்களில் கட்டண நேரம் முடிந்து 10 நிமிடம் ஆகும்வரை அபராதம் விதிக்கக் கூடாது.

இன்னொரு வகை, ‘மீறல் நடந்தது, ஆனால் என்னால் தவிர்க்க முடியவில்லை’ என்பது. வண்டி பழுது, திடீர் மயக்கம், உடன் வந்தவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை. இவற்றுக்கு நேரம் பதிந்த ஏதாவது ஒரு காகிதம் வேண்டும்: மருத்துவமனைச் சீட்டு, பழுது பார்த்தவரின் ரசீது. இங்கே பலர் அறியாத ஒரு நுட்பம் இருக்கிறது. மனமிரங்கி விட்டுக்கொடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் சீட்டைக் கொடுத்த அலுவலகத்துக்குத்தான் உண்டு. அடுத்த நிலையில் உள்ள தீர்ப்பாயம் சட்டப்படி மீறல் நடந்ததா என்று மட்டும் பார்க்கும்; உங்கள் நிலைமை புரிந்தாலும் அதனால் ரத்து செய்ய முடியாமல் போகலாம். ஆகவே, இரக்கம் கேட்பதானால் முதல் கடிதத்திலேயே, ஆதாரத்தோடு கேளுங்கள்.

“எல்லோரும் அங்கேதான் நிறுத்துகிறார்கள்”, “பத்து வருடமாக நிறுத்துகிறேன்”, “எனக்குப் பின்னால் நின்ற வண்டிக்குச் சீட்டு இல்லை” — இவை எங்கும் எடுபட்டு நான் பார்த்ததில்லை.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. முதல் வரியிலேயே உங்கள் கோரிக்கையும் காரணமும் வந்துவிட வேண்டும். ஒரு நாளில் நூறு கடிதம் படிக்கும் மனிதருக்கு எழுதுகிறோம் என்பது நினைவில் இருக்கட்டும். இந்தக் கேள்வியைக் கேட்டவருக்காக நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“ஐயா / அம்மையீர்,

மேற்கண்ட எண்ணுள்ள அபராதச் சீட்டை ரத்து செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். சீட்டில் கூறப்பட்ட மீறல் நடைபெறவில்லை என்பது என் வாதம்.

அன்று காலை 10.05 மணிக்கு உங்கள் இயந்திரத்தில் மூன்று மணி நேரத்துக்கான கட்டணத்தைச் செலுத்தினேன். இயந்திரம் அதை ஏற்று, பிற்பகல் 1.05 வரை நிறுத்தலாம் என்று அச்சிட்ட ரசீதைத் தந்தது (இணைப்பு 1). 12.20 மணிக்குச் சீட்டு வழங்கப்பட்டது. அப்போது ரசீதின் காலம் முடிந்திருக்கவில்லை.

அதிகபட்சம் இரண்டு மணி நேரம் என்று கூறும் பலகை வெளியேறும் வழியில் மட்டுமே உள்ளது. அதுவும் மரக்கிளையால் மறைந்துள்ளது. நுழைவாயிலிலிருந்து இயந்திரம்வரை அத்தகைய அறிவிப்பு எதுவும் கண்ணில் படவில்லை (இணைப்பு 2, வீடியோ, இணைப்பு 3, படங்கள்).

மூன்று மணி நேரத்துக்கான கட்டணத்தை உங்கள் இயந்திரமே பெற்றுக்கொண்ட பிறகு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தியதாக அபராதம் விதிப்பது முறையாகாது. இந்தக் கோரிக்கையை ஏற்காவிட்டால், அதற்கான காரணங்களையும், சீட்டு வழங்கிய ஊழியரின் குறிப்பையும் படங்களையும், அந்த இடத்துக்கான ஆணையின் நகலையும், மேல்முறையீட்டு வழியையும் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். முடிவு தெரியும்வரை சலுகைத் தொகைக்கான கெடுவை நிறுத்தி வைக்கவும் கோருகிறேன்.”

இதில் கோபம் இல்லை, அழுகை இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு தாள் இருக்கிறது. நேரங்களை உங்கள் ரசீதிலும் சீட்டிலும் உள்ளபடி மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம்கூடக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஒரு பொய் பிடிபட்டால் ஒன்பது உண்மையும் அதோடு போய்விடும். மூல ரசீதை அனுப்பாதீர்கள், நகலை அனுப்புங்கள். இணையப் படிவத்தில் அனுப்பினால், அனுப்பியதற்கான ஒப்புகையைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

முதல் பதில் பெரும்பாலும் மறுப்பாகத்தான் வரும். அச்சடித்து வைத்த வாசகங்கள் போல இருக்கும். பலர் இந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறார்கள், அவர்கள் விட்டுவிடக் கூடாது என்று நான் மன்றாடிக் கேட்கிறேன். அந்தப் பதிலை எடுத்து, உங்கள் கடிதத்தின் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இயந்திரம் மூன்று மணி நேரத்துக்குப் பணம் வாங்கியதே, அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்களா? சொல்லவில்லை என்றால், அந்த மௌனமே உங்கள் அடுத்த மேல்முறையீட்டின் முதல் வரி. தனித்து இயங்கும் தீர்ப்பாயத்தின் முன் அவர்கள் சாட்சியம் வைக்க வேண்டும். பராமரிப்புப் பதிவு, பலகை இருக்கும் வரைபடம் எல்லாம் எடுக்க வேண்டும். அவ்வளவு வேலைக்கு அஞ்சி அந்த நிலையில் விட்டுக்கொடுத்துவிடும் அலுவலகங்களும் உண்டு.

நேரம் கடந்து நிறுத்தியதாக வரும் வழக்குகளில், எப்படி அளந்தார்கள் என்பதையும் கேளுங்கள். பழைய வழக்கம், டயரில் சுண்ணாம்புக் குறி இட்டுவிட்டு, பிறகு வந்து வண்டி நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. அமெரிக்காவின் சாகினா நகரில் ஒரே ஊழியரிடம் 15 சீட்டு வாங்கிய ஒரு பெண், இது அனுமதியில்லாத சோதனை என்று வழக்குத் தொடுத்து, 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தைத் தன் பக்கம் திருப்பினார். 2022-இல் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சான் டியாகோ வழக்கில் அதற்கு நேர்மாறாகத் தீர்ப்பளித்தது. சுண்ணாம்புக் கோடு போன்ற சின்ன விஷயத்தைக்கூட நீதிமன்றங்கள் இவ்வளவு கவனமாகப் பார்க்கின்றன.

தனியார் நிறுவனத்தின் சீட்டை “அரசு இல்லையே” என்று கிழித்துப் போட்டுவிடாதீர்கள். நினைவூட்டல் கடிதங்களைப் பொறுத்துக்கொள்ளலாம். நீதிமன்றத்திலிருந்து தாள் வந்த பிறகும் பதில் சொல்லாமல் இருந்தால், உங்கள் தரப்பைக் கேட்காமலேயே தீர்ப்பு ஆகிவிடும். சக்கரத்தைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டால் அந்த நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் தனியார் நிலத்தில் அப்படிப் பூட்டுவது மிரட்டிப் பணம் பறிப்பது என்று 1992-லேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012 அக்டோபர் முதல் தடை. வண்டியை இழுத்துக்கொண்டு போயிருந்தால், ஒவ்வொரு நாளும் காப்புக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். பணம் கட்டி முதலில் வண்டியை மீட்டுவிடுங்கள். ரசீதில் ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள், பிறகு எழுதலாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அபராதம் பாக்கி என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தால், அதிலுள்ள இணைப்பைத் தொடாதீர்கள். உரிய அலுவலகத்தின் தளத்துக்கு நீங்களாகவே போய், வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். நிறுத்துமிட இயந்திரத்தில் அச்சிட்ட கியூஆர் குறியீட்டின் மேல் வேறு குறியீட்டை ஒட்டிவைத்துப் பணம் பறிப்பதும் நடக்கிறது.

கேட்டவருக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. கடிதத்தை இன்று இரவே எழுதிவிடலாம், ஆனால் அனுப்புவதற்கு முன் ஒருமுறை அந்த இடத்துக்குப் போய் வாருங்கள். நீங்கள் நிறுத்திய அதே வேளையில், நீங்கள் நுழைந்த அதே வழியில். ரசீதில் அச்சான எழுத்து வெயிலில் மங்கிவிடும். அதை இப்போதே படம் எடுத்து வையுங்கள். அங்கே போனதும் முதலில் பலகையை வீடியோ எடுங்கள், பிறகு இயந்திரத்தை. உங்கள் கடிதம் அவர்கள் கைக்குப் போனதும் யாராவது வந்து அந்தக் கிளையை வெட்டிவிடக்கூடும்.